மறு: மாத்திரைக்கு ‘ஹார்ட்னஸ்’: கடினத்தன்மையா, வேறு சொல்லா?

அன்பின் குழுவினருக்கு வணக்கம்.

இரண்டு நாள் இரவுப் பணி முடித்து வந்து பார்த்தால் இழை இவ்வளவு நீண்டிருக்கிறது. சமூக மன்றத்தில் மூத்தோருக்கு மாத்திரை பற்றிப் பேசப்போகும் அக்கா கேட்டது ‘ஹார்ட்னஸ்’ என்பதற்கு ஒரே ஒரு தமிழ்ச்சொல். இப்போது பதினொன்று வரிசையில் நிற்கின்றன. மாத்திரை அடிக்கும் இயந்திரத்தோடு காலம் தள்ளுகிறவன் என்ற உரிமையில் நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

> ‘கடினத்தன்மை’ அகராதியிலேயே இருக்கிறதே, புதிதாக எதற்கு?

ஐயா, அங்கேதான் சிக்கல். கடினம் என்பது ஒரு பரப்பு கீறலும் குழியும் விழாமல் தாங்குவது. கண்ணாடி கடினமானது, கீழே போட்டால் சிதறிவிடும். எங்கள் ஆய்வகத்தில் கீறிப் பார்ப்பதில்லை. மாத்திரையை இரண்டு தாடைகளுக்கு நடுவே படுக்கவைத்துப் பக்கவாட்டில் நெருக்குகிறோம். அது விரிசல் விடும் கணத்தில் இருந்த விசையை நியூட்டனில் குறித்துக்கொள்கிறோம். இந்தக் கருவிக்கு ‘ஹார்ட்னஸ் டெஸ்டர்’ என்று பெயர் வைத்தது ஆங்கிலத்தின் பிழை. அமெரிக்க மருந்துத் தர நூலே இன்று அந்த அத்தியாயத்துக்கு ‘உடைக்கும் விசை’ என்ற பொருளில்தான் தலைப்பு வைத்திருக்கிறது. அவர்கள் கைவிட்ட சொல்லை நாம் மொழிபெயர்த்து வைத்துக்கொள்வானேன்? ‘உடைவிசை’ போதும்.

ஆனால் உடைவிசையை வலிமை என்று சொல்லிவிட முடியாது. 10 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. தடிமனும் உள்ள தட்டை மாத்திரை ஒன்று 100 நியூட்டனில் உடைகிறது. 13 மி.மீ. விட்டமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள இன்னொன்றும் அதே 100 நியூட்டனில் உடைகிறது. இரண்டும் சமம் என்று சொல்லலாமா? விசையின் இரண்டு மடங்கை, பை (3.14), விட்டம், தடிமன் மூன்றின் பெருக்கலால் வகுத்தால் முதலாவதற்குச் சுமார் 1.6 மெகாபாஸ்கல் (பரப்புக்கு இவ்வளவு விசை என்று சொல்லும் அலகு) வருகிறது, இரண்டாவதற்கு 1தான். இது கான்கிரீட் உருளையைச் சோதிக்க 1943இல் பிரேசிலில் கார்னெய்ரோ கொண்டுவந்த முறை. 1970இல் ஃபெல், நியூட்டன் என்ற இருவர் அதை மாத்திரைக்குப் பொருத்தினார்கள் (இந்த நியூட்டன் வேறு!). அமுக்குவது எதிரெதிர் இரு பக்கத்திலிருந்து, பிளப்பது அந்தப் பக்கங்களை இணைக்கும் நடுக்கோட்டில். அதாவது இரு பாதியும் அமுக்கும் திசைக்குக் குறுக்கே இழுபட்டுப் பிரிகின்றன. அதனால் இதற்கு ‘இழுவலிமை’ என்ற பழைய சொல்லே சரி. இதுவரை புதுச்சொல் எதுவும் தேவைப்படவில்லை.

> பொடி நன்றாக அமுங்கினால் மாத்திரை வலுவாக வரும், அவ்வளவுதானே? ‘அமுங்குதிறன்’ என்று முடித்துவிடலாம்.

அக்கா, இங்கேதான் நான் தடுக்கிறேன். பஞ்சு நன்றாக அமுங்கும், கையை எடுத்தால் எழுந்துகொள்ளும். அமுங்குவது வேறு, பிடிப்பது வேறு. புட்டுக்கு மாவு பிசைகிறபோது நீங்களே என்ன பார்ப்பீர்கள்? பிடித்தால் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ‘மாவில் பிடிமானம் இல்லை’ என்போம். இயந்திரத்தின் முன்னால் நிற்கும் எங்களுக்கும் இதே கேள்விதான்: இவ்வளவு அழுத்தம் கொடுத்தால் இந்தப் பொடி எவ்வளவு வலிமையைத் திருப்பித் தரும்? இதை ஆங்கிலத்தில் ‘டேப்லடபிலிட்டி’ என்கிறார்கள். ‘மாத்திரையாகுதிறன்’, ‘வில்லையாக்கத்தன்மை’ என்றெல்லாம் வந்த பரிந்துரைகளைப் பார்த்தேன். வாயில் நுழையவில்லை. என் பரிந்துரை ‘பிடிமானம்’.

சொல் தாங்குமா என்று உரசிப் பார்க்கலாம். நுண்படிகச் செல்லுலோஸ் (மாத்திரையில் சேர்க்கும் தாவர நார்ப் பொடி) துகள்கள் அழுத்தத்தில் களிமண் போல உருமாறி ஒன்றோடொன்று ஒட்டும்: நல்ல பிடிமானம். கால்சியம் பாஸ்பேட் நொறுங்கும், நொறுங்கிய புதுப் பரப்புகள் ஒட்டிக்கொள்ளும்: அதுவும் பிடிமானம், வழிதான் வேறு. நமக்கெல்லாம் பழக்கமான பாராசிட்டமாலின் வழக்கமான படிகம் அழுத்தினால் அமுங்கும், விட்டால் விரியும், மாத்திரையின் மேல்பகுதி மூடி போலப் பெயர்ந்து வந்துவிடும். பிடிமானம் இல்லாத பொடி, ஒட்டுப்பொருள் சேர்த்துக் குருணையாக்கித்தான் அடிக்க வேண்டியிருக்கிறது. சொல் மூன்று இடத்திலும் நிற்கிறது.

‘நெய் உருண்டை மாதிரி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தீபாவளி நெருங்குகிறது, எனக்கும் நாக்கு ஊறுகிறது. ஆனால் உவமை தலைகீழ். உருண்டையில் கொழுப்புதான் மாவைப் பிடித்துவைக்கிறது. எங்கள் பொடியில் கொழுப்பு பிடியை விடவைக்கிறது. மாத்திரை அச்சில் ஒட்டாமலிருக்கக் கொழுப்பமில உப்பான மெக்னீசியம் ஸ்டியரேட் சேர்ப்போம், பெரும்பாலும் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக. அதைக் கலக்கும் நேரம் கூடினால் துகள்மேல் மெல்லிய போர்வையாகப் படிந்துவிடும். முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் பணிமாற்றக் குழப்பத்தில் கலவை இயந்திரத்தை நிறுத்த மறந்துவிட்டார்கள். மறுநாள் அதே பொடி, அதே அழுத்தம், ஆனால் மாத்திரை விரலிடுக்கில் பிட்டுக்கொண்டது. அழுத்தத்தைக் கூட்டினோம், மூடி பெயர ஆரம்பித்தது. கலவை முழுவதும் குப்பைக்குப் போனது. அது செல்லுலோஸ் கலவை. கால்சியம் பாஸ்பேட்டாக இருந்திருந்தால் நொறுங்கி, போர்வை படாத புதுப் பரப்பைக் காட்டித் தப்பித்திருக்கும்.

இதனால் ஒன்று தெரிகிறது: பிடிமானம் பொடியின் பிறவிக்குணம் மட்டுமல்ல, நாம் அதை நடத்தும் விதமும் சேர்ந்ததே. வேகமும் அப்படித்தான். சுழலும் இயந்திரத்தில் பஞ்ச் (பொடியை அமுக்கும் தண்டு) உச்ச அழுத்தத்தில் நிற்பது ஒரு நொடியின் நூறில் சில பங்கு, சில சமயம் அதைவிடவும் குறைவு. இலக்கணத்தில் மாத்திரை என்றால் கண்ணிமைக்கும் நேரம் அல்லவா? ஒரு மாத்திரை அடிக்க ஒரு மாத்திரை நேரம்கூடக் கிடைப்பதில்லை! மெதுவாக உருமாறும் செல்லுலோஸ், மாவுச்சத்து போன்றவற்றுக்கு அந்த நேரம் போதாது. இடையில் சிக்கிய காற்றும் வெளியேற முடியாது. இயந்திர வேகத்தைக் கூட்டினால் பிடிமானம் குறைவது இதனால்தான். ஈரப்பதம் வேறு: அறவே வறண்டாலும் மூடி பெயரும், கூடினால் பொடி பஞ்ச் முகத்தில் அப்பிக்கொள்ளும். வெளியே காற்றில் 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கும் ஊரில் ஆலைக்குள் காற்றை உலர்த்தவே தனிச் செலவு.

‘ஃப்ரையபிலிட்டி’க்கு வந்த ‘உதிர்மை’ எனக்குச் சம்மதம். உருளையில் 100 சுற்று உருட்டி எடை இழப்பு 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று பார்க்கிறோம். உதிர்வதைத்தான் அளக்கிறோம், விவாதம் வேண்டாம்.

எதிர்ப்பு வரும் என்று தெரியும். பிடிமானம் டயருக்கும் கைப்பிடிக்கும் ஆகும் பொதுச்சொல் என்பீர்கள். ஆகட்டுமே. ‘விசை’யும் ‘வேலை’யும் பொதுச்சொற்கள்தான், இயற்பியல் எடுத்துக்கொள்ளவில்லையா?

அக்கா, உங்கள் கூட்டத்துக்கு இவை எதுவும் வேண்டாம். மெதுவாகக் கரையும் மாத்திரையை உடைக்கும் முன்போ நசுக்கும் முன்போ பலதுறை மருந்தகத்தில் மருந்தாளரைக் கேளுங்கள் என்று மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்.

குழுவுக்கு ஒன்று பாக்கி. கொடுத்த அழுத்தத்தை மறந்துவிட்டு, துகள்கள் எவ்வளவு நெருங்கின என்பதற்கு எதிரே வலிமையைப் பார்ப்பதும் உண்டு, ‘காம்பாக்டிபிலிட்டி’ என்பார்கள். ‘இறுகுதிறன்’ என்று எழுதிவிட்டு அழித்தேன். இறுகுவது நெருங்குவதா, வலுப்பதா என்ற குழப்பம் அந்தச் சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். நாளையும் இரவுப் பணிதான், இடைவேளையில் பார்க்கிறேன்.

அன்புடன்,
சிங்கப்பூர் துவாஸிலிருந்து