அபேட் வேண்டாம், வேப்பெண்ணெய் போதுமா?

கடைமடை விவசாயி:
எங்கள் ஊராட்சியில் வாராவாரம் வந்து தண்ணீர்த் தொட்டியில் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தை ஊற்றிவிட்டுப் போகிறார்கள். புழங்குகிற தண்ணீரில் பூச்சிமருந்து எதற்கு? கொல்லையிலேயே வேம்பும் நொச்சியும் நிற்கின்றன. அடுத்த கிராமசபையில் இதைக் கேட்கப்போகிறேன்.

நாகை லேப்:
அண்ணே, லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை குடிநீரில் கலக்க உலக சுகாதார நிறுவனமே அனுமதித்த மருந்து அது. நொச்சியில் கொசுப்புழு செத்தது என்று வரும் ஆய்வுகளில் பெரும்பாலும் மெத்தனால், ஹெக்சேன் போன்ற கரைப்பான்களில் சாறு எடுக்கிறார்கள். நாம் அம்மியில் அரைத்துப் பிழிவதில் அந்த வீரியம் வராது. வேம்பில் புழுவைக் கொல்லும் அசாடிராக்டினும் வெயில் பட்டால் சில நாளில் சிதைந்துவிடும். மிச்ச இலைச்சாறு அழுகினால் யானைக்கால் பரப்பும் கியூலெக்ஸ் கொசுவுக்குக் கொண்டாட்டம்தான்.

கடைமடை விவசாயி:
அபேட்டில் இருக்கும் டெமிபாஸுக்குப் பழகிப்போன கொசுக்கள் பல நாடுகளில் வந்தாச்சே, தம்பி? 1990களில் மதுரை மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையத்தார் வேப்பம்புண்ணாக்கு பூசிய யூரியாவை நெல்வயலில் போட்டு, மூளைக்காய்ச்சல் பரப்பும் கொசுவின் புழுக்களைக் குறைத்துக் காட்டினார்கள். அது லேப் இல்லை, வயல்.

நாகை லேப்:
சரி, ஆனால் அதில் பாதியை விட்டுவிட்டீர்கள். வயலைக் காயவிட்டுப் பாய்ச்சுவதையும் சேர்த்தேதான் செய்தார்கள். முறை வரும்போது கிடைத்த தண்ணீரைக் கட்டிவைக்கிற கடைமடையில் யார் காயவிடுவார்கள்? 2015 முதல் நாம் போடும் யூரியாவில் இருப்பது தழைச்சத்து வீணாகாமல் இருக்கப் பூசும் வேப்பெண்ணெய். அதைப் புண்ணாக்குக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கும்பகோணத்துக்காரி:
இரண்டு பேரும் வயலிலேயே நிற்கிறீர்கள். டெங்கு கொசு இருப்பது வீட்டு டிரம்மில். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, உள்சுவரில் மிளகுத்தூள் ஒட்டியதுபோல முட்டை இருக்கும். காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். டிரம்மைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். வேப்பெண்ணெயைச் சோப்பு கலக்காமல் ஊற்றினால் திட்டாக மிதக்கும். கலந்து ஊற்றினால் அந்தத் தண்ணீரில் யார் சோறு வடிப்பது?

கடைமடை விவசாயி:
டிரம்முக்கு உங்கள் நாரே இருக்கட்டும், அக்கா. சாக்கடைக்குப் புண்ணாக்கு கேட்கத்தான் போகிறேன். அபேட்டுக்கு என் கை உயராது.

நாகை லேப்:
கேளுங்கள். ஆனால் ஒரு சாக்கடையில் மட்டும் போட்டு, பக்கத்துச் சாக்கடையைச் சும்மா விடுங்கள். இரண்டிலும் வாரம் ஒருமுறை அகப்பையால் மொண்டு புழுவை எண்ணி, எண்ணிக்கையை இங்கேயே பதிவிடுங்கள். புண்ணாக்கு அழுகிப் புழு கூடினால் அதையும் சேர்த்துத்தான்.