ஆர்சனோபைரைட்டுக்கு ஒரு தமிழ்ப் பெயர்

ஆர்சனோபைரைட்டை 'நச்சுக்கல்' எனலாம் என்ற கருத்தை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. அக்கனிமத்தின் எடையில் 46 விழுக்காடு ஆர்சனிக் என்னும் நச்சுத் தனிமம் என்றாலும், அது இரும்போடும் கந்தகத்தோடும் பிணைந்து பாறைக்குள் அடங்கியே கிடக்கிறது. அதனை வறுக்கும்போது எழும் ஆவி குளிர்ந்து படியும் வெண்பொடியே கொடிய நஞ்சு. அதற்கு 'வெள்ளைப் பாடாணம்' (பாடாணம் என்பது நச்சுத் தாதுப்பொருள்) என்ற பெயர் சித்த மருத்துவ வழக்கில் முன்பே உண்டு.

இங்கிலாந்தில் டேமர் ஆற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள டெவன் கிரேட் கான்சல்ஸ் சுரங்கத்தில் இந்த வேறுபாட்டைக் காணலாம். ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகளுக்கு முன் டெவோனியம் என்னும் தொல்புவியியல் காலத்துச் சிலேட்டுப் பாறைகளுக்குள் கிரானைட்டுக் குழம்பு ஊடுருவியபோது, வெடிப்புகளின் வழியே ஏறிய சூடான நீர் செம்பு, வெள்ளீயத் தாதுக்களோடு ஆர்சனோபைரைட்டையும் படியவைத்தது. 1844-இல் செம்பு கண்டுபிடிக்கப்பட்ட அச்சுரங்கத்தில் முதலில் கழிவென ஒதுக்கப்பட்ட இக்கல்லை, 1860-களின் பிற்பகுதி முதல் உலைகளில் வறுத்தார்கள். ஆவி வளைந்து வளைந்து செல்லும் செங்கல் அறைகளில் படிய, மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு தொழிலாளர்கள் அதனைச் சுரண்டி எடுத்தார்கள். 1901-இல் சுரங்கம் மூடப்பட்டது.

'பாடாணக் கந்தகக்கல்' என்ற மாற்றும் பொருந்தாது. ஆர்சனிக்கும் கந்தகமும் மட்டுமே சேர்ந்த தாளகத்தையும் மனோசிலையையும் அப்பெயர் நினைவூட்டும். போதாக்குறைக்கு, 'பாடாணம்' ஆர்சனிக்கை மட்டும் குறிப்பதும் அன்று; பாதரசச் சேர்மங்களான வீரமும் இலிங்கமும்கூடச் சித்தர் கணக்கில் பாடாணங்களே.

சுத்தியலால் தட்டினால் இக்கல் பூண்டு மணம் வீசும். கைவிடப்பட்ட கழிவுக் குவியல்களில் காற்றும் மழைநீரும் பட்டு இதிலிருந்து உண்டாகும் வெளிர்பச்சை ஸ்கோரோடைட்டும், சூடேற்றினால் அவ்வாறே மணக்கும். அதன் பெயரே பூண்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மணம் இரண்டுக்கும் பொது என்பதால் அதனைக் குடும்பப் பெயராக்கி, நிறத்தால் பிரிப்பதே முறை என்பது என் எண்ணம். எனவே வெள்ளி நிறமுடைய ஆர்சனோபைரைட்டை 'வெள்ளைப்பூண்டுக்கல்' என்றும், ஸ்கோரோடைட்டைப் 'பச்சைப்பூண்டுக்கல்' என்றும் வழங்க முன்மொழிகிறேன். சமையலறை வாடை அடிக்கிறது என்று சிலர் சிரிக்கக்கூடும். கிரேக்கச் சொல்லிலும் அதே வாடைதான் அடிக்கிறது.