1914 ஜூலை 30: ரஷ்யா முந்தினதா, முந்த வைக்கப்பட்டதா?

வெள்ளவத்தைவாசி: போன இழையில் ஒருத்தர் "1914இல தொடங்கின முதலாம் உலகப் போருக்கு ஜேர்மனிதான் காரணம், ஜேர்மன் வரலாற்றாசிரியர் பிஷர் 1961இலேயே நிறுவியாச்சு" எண்டு தீர்ப்பு எழுதிட்டுப் போயிருக்கிறார். ஒரே கேள்வி. வல்லரசுகளில் பொது அணிதிரட்டலுக்கு, அதாவது முழுப் படையையும் போருக்குக் கூட்டுறதுக்கு, முதல் ஆணை போட்டது ஆர்? ரஷ்யா, ஜூலை 30. ஒஸ்திரியாவின் பொது ஆணையும் ஜேர்மனியின் போர் அபாய அறிவிப்பும் 31. கலண்டர் பார்க்கத் தெரிஞ்சால் போதும்.

கொட்டாஞ்சேனையான்: தீர்ப்பு எழுதினது நான்தான். கலண்டர்தான் நீதவான் எண்டால் சேர்பியா 25ஆம் திகதியே திரட்டிட்டுது, அதையும் கூண்டில ஏத்துவமா? ரஷ்யப் படை திரண்டு எல்லையில கிழமைக்கணக்கா நிக்கலாம். ஜேர்மன் படைக்கு அது ஏலாது. பிரான்சை ஆறு கிழமையில முடிச்சிட்டுக் கிழக்கே திரும்புறதுதான் திட்டம். அதுக்கு பெல்ஜியத்தின் லியேஜ் கோட்டைகளை முதல் நாட்களிலேயே பிடிக்க வேணும், இல்லாட்டி வலது அணிக்குப் பாதை அடைபடும். அதாவது திரட்டினாலே படையெடுப்பு. கிழக்கே மட்டும் போற திட்டத்தை 1913இலேயே கைவிட்டாச்சு. ஓகஸ்ட் 1இல ஜேர்மன் பேரரசர் கைசர் கிழக்கே திருப்பச் சொல்ல, படைத் தலைமை அதிகாரி மோல்ட்கே ஏலாதெண்டார்.

வெள்ளவத்தைவாசி: ரெயில்வே டைம்டேபிளுக்கு நன்றி. ஜூலை 30க்குப் பதில் எங்க?

பொரளைக்காரர்: ரெண்டு பேரும் "காரணம்" எண்டு எதைச் சொல்றீங்கள்? உடனடித் தூண்டலா, உள்நோக்கமா, பழியா?

கொட்டாஞ்சேனையான்: அதைப் பிறகு பாப்பம். ஜூலை 30 வேணுமோ, இந்தாங்கோ. 29இல ரஷ்யப் பேரரசர் சார் பொது ஆணைக்குச் சம்மதிச்சு, கைசரின் தந்தி கிடைச்சதும் அண்டிரவே பகுதித் திரட்டலாக் குறைச்சார். கியேவ், ஒடெசா, மொஸ்கோ, கசான் எண்டு நாலு படை வட்டாரம். வார்சோ இல்லை. ஆனா ஒஸ்திரியாவின் எல்லை வார்சோ வட்டாரத்தையும் தொடுது! அதை விட்டிட்டுத் திரட்டிப்போட்டுப் பிறகு பொதுத் திரட்டலுக்கு மாறினால் அட்டவணை முழுக்கக் குழம்பும். தளபதிமார் இதைத்தான் சொல்லிச் சொல்லி நெருக்கினவை. 30 பின்னேரம் வெளிநாட்டு அமைச்சர் சசோனோவ் சாரை மசிய வச்சார். அதுக்கு ரெண்டு நாள் முந்தியே ஒஸ்திரியா சேர்பியா மேல போர் அறிவிச்சாச்சு, பெல்கிரேட்டில குண்டும் விழுந்தாச்சு. ஜூலை 5இல வியன்னாவுக்கு வெற்றுக் காசோலை, அதாவது என்ன செய்தாலும் ஆதரவு எண்ட வாக்கு, குடுத்தது ஆர்?

வெள்ளவத்தைவாசி: குடுத்தது பெர்லின், காசாக்கினது வியன்னா. ரஷ்யா 26இலேயே "போர் ஆயத்தக் காலம்" தொடங்கினதை ஏன் ஐசே விழுங்கிட்டீங்கள்? பிஷரின் துருப்புச்சீட்டு, ஜேர்மனியின் போர் இலக்குகளைச் சொல்ற செப்டெம்பர் 9 திட்டம், போர் தொடங்கி ஒரு மாதம் கழிச்சு எழுதினது. வரலாற்றாசிரியர் கிளார்க்கை வாசியுங்கோ.

கொட்டாஞ்சேனையான்: வாசிச்சாச்சு. 2012இல அவர் ஒரு நாட்டைக் குற்றவாளியாக்கிற வேலையே வேண்டாமெண்டார். நீங்கள் அவர் பேரைச் சொல்லி ரஷ்யாவுக்கு விலங்கு மாட்டுறீங்கள்.

தெமட்டகொடையான்: ஜேர்மனியின் எம்டன் போர்க்கப்பல் கொழும்புக்கும் குண்டு போட்டதுதானே?

கொட்டாஞ்சேனையான்: இல்லை. அது சுட்டது சென்னையை, 1914 செப்டெம்பர் 22, எண்ணெய்த் தாங்கிகளை.

வெள்ளவத்தைவாசி: திகதி சொல்றது ஆர் பாருங்கோ! ஜப்பான்காரன் கொழும்பில குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9 எண்டு ஒற்றைக்காலில நிண்டவர். 5, ஐயா. 9 திருகோணமலை.

கொட்டாஞ்சேனையான்: தட்டச்சுப் பிழைக்கு இன்னும் வட்டி கேக்கிறீங்கள். ஜூலை 31 ஜேர்மனி ரஷ்யாவுக்குக் குடுத்த கெடு, 12 மணித்தியாலம். ஓகஸ்ட் 2 பெல்ஜியத்துக்குக் கெடு, அதுவும் 12 மணித்தியாலம். பெல்ஜியம் ஆருக்கு என்ன செய்தது?

வெள்ளவத்தைவாசி: ஜூலை 30.

பொரளைக்காரர்: நான் கேட்டது அப்பிடியே கிடக்கு.

கொட்டாஞ்சேனையான்: பெல்ஜியத்துக்குத் தனி இழை போடுறன். அங்கயும் வந்து "ஜூலை 30" எண்டு எழுதுங்கோ பாப்பம்.