‘எரிபொருள் திருத்தம்’ வேண்டாம், ‘எரிபொருள் ஈடு’ எனலாம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சின் மாற்றிய வண்டிகளில் உணரிக் கோளாறுகளையும் கலவைக் கோளாறுகளையும் கண்டறிவதற்கான சொற்பட்டியலில், ஃபியூயல் ட்ரிம் (கணினி எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் அளவு) என்பதற்கு ‘எரிபொருள் திருத்தம்’ முன்மொழியப்பட்டுள்ளது. சொல்லமைப்பில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் பழுது பார்ப்பவரை அது தவறான திசையில் அனுப்பிவிடும் என்பதால் மறுக்கிறேன்.

பெட்ரோல் எஞ்சினில் 1 பங்கு எரிபொருளுக்கு எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். உள்ளே செல்லும் காற்றின் அளவைக் காற்றோட்ட உணரியிலிருந்தோ அழுத்த உணரியிலிருந்தோ கணக்கிட்டு, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டுக் கணினி முன்கூட்டியே முடிவு செய்கிறது. எரிந்து முடிந்த புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனைப் பார்த்து ஆக்சிஜன் உணரி அந்த முடிவைச் சோதிக்கிறது. பழைய வகை உணரியின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டை ஒட்டியிருந்தால் கலவை மெலிந்தது, அதாவது எரிபொருள் குறைவு; 0.9 வோல்ட்டை ஒட்டியிருந்தால் செறிந்தது, அதாவது எரிபொருள் மிகுதி. இரண்டுக்கும் எல்லை 0.45 வோல்ட். அதைக் கொண்டு கணினி திறப்பு நேரத்தைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது. அவ்வாறு கூட்டிய, குறைத்த விழுக்காடே ஃபியூயல் ட்ரிம்.

ஆகவே கணினியின் அளவுகளைப் படிக்கும் ஸ்கேனரில் +18 விழுக்காடு என்று தெரிந்தால், கணினி முதலில் போட்ட கணக்குக்கும் உணரி காட்டும் நிலைக்கும் அவ்வளவு இடைவெளி இருக்கிறது என்றுதான் பொருள். அந்த எண் ஒரு கோளாறின் தடயம். ‘திருத்தம்’ என்று எழுதினால், கோளாறு சரிசெய்யப்பட்டுவிட்டது என்ற எண்ணமே வாசிப்பவர் மனத்தில் முதலில் எழும்.

சில வேளைகளில் கணினி இப்படிக் கூட்டுவதும் குறைப்பதுமே கோளாறை உண்டாக்குகிறது. எஞ்சினை மாற்றும்போது கழற்றிப் பூட்டிய புகைக்குழாய் இணைப்பில், உணரிக்கு முன்னால், சிறு கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. உணரி அந்த ஆக்சிஜனைக் கண்டு கலவை மெலிந்தது என்கிறது. கணினி எரிபொருளைக் கூட்டுகிறது. சரியாக இருந்த கலவை செறிந்துவிடுகிறது. வி வடிவ எஞ்சினில் இரண்டு பக்க ஆக்சிஜன் உணரிகளின் இணைப்புகளை மாற்றிச் செருகிவிட்டாலோ, ஒரு பக்கத்தின் எண் மேல் வரம்புக்கும் மற்றதன் எண் கீழ் வரம்புக்கும் ஓடும். ஒவ்வொரு பக்கமும் மற்றப் பக்கத்தின் அளவைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்வதால் நேரம் செல்லச் செல்ல இரண்டுமே கெடும். இதைத் ‘திருத்தம்’ என்று எப்படி எழுதுவது?

இதனால் ‘எரிபொருள் ஈடு’ என்பதை முன்வைக்கிறேன். ஈடுகட்டுதல், ஈடுசெய்தல், இழப்பீடு ஆகிய வழக்குகளில் குறை இன்னும் இருக்கிறது, அதற்கு எதிராக ஒன்று வைக்கப்படுகிறது என்ற பொருள் நிற்கிறது. நொடிக்கு நொடி மாறுவது குறுங்கால ஈடு; கணினி நினைவில் தங்குவது நெடுங்கால ஈடு. கூட்டினால் நேர் ஈடு, குறைத்தால் எதிர் ஈடு. அடமானப் பொருளிலும் ‘ஈடு’ வழங்குகிறது என்பது உண்மைதான். ‘எரிபொருள்’ முன்னால் நிற்கும்போது அந்தக் குழப்பம் எழ வாய்ப்பில்லை.

எடை போடும் முன் பாத்திரத்தின் எடையைச் சமன்செய்யத் தடைகட்டுவார்களே, அந்தத் ‘தடை’யும் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் வெப்ப உணரியின் மின்தடையைப் பேசும் அதே பக்கத்தில் இன்னொரு தடை வந்தால் யாருக்கும் விளங்காது.

கலைச்சொல்லை வாக்கியத்தில் ஓடவிட்டுப் பார்ப்பதே சரியான சோதனை. “ஐடில் ஓட்டத்தில் நேர் ஈடு மிகுந்து, எஞ்சின் வேகம் கூடும்போது அது குறைந்தால், உள்ளிழு குழலின் கேஸ்கெட்டிலோ வேக்குவம் குழாயிலோ காற்றுக்கசிவைத் தேடுக.” “ஐடிலில் ஈடு இயல்பாக இருந்து, சுமை ஏறும்போது நேர் ஈடு கூடினால், எரிபொருள் பம்பையும் வடிகட்டியையும் பார்க்க.” “எல்லா வேகத்திலும் ஈடு ஏறத்தாழ ஒரே அளவில் விலகியிருந்தால், மாற்றிய எஞ்சினின் இன்ஜெக்டர் அளவோ காற்றோட்ட உணரிக் குழலின் விட்டமோ கணினி அறிந்த அளவோடு பொருந்துகிறதா என்று பார்க்க.” எஞ்சின் மாற்றத்தில் அதிகம் தொல்லை தருவது இந்த மூன்றாவது நிலையே, ஏனெனில் எந்தப் பாகமும் பழுதாகியிருக்காது. மூன்று வாக்கியங்களிலும் ‘ஈடு’ தடங்கலின்றி நிற்கிறது. ‘ஈடு’ இருக்குமிடத்தில் ‘திருத்தம்’ வைத்து இரண்டாவதைப் படித்துப் பாருங்கள். நன்மை கூடுவதுபோல் ஒலிக்கும்.

லீன், ரிச் இரண்டுக்கும் மெலிந்த கலவை, செறிந்த கலவை என்பனவற்றை ஏற்கிறேன். ‘ஏழைக் கலவை, பணக்காரக் கலவை’ என்று எழுதிய இயந்திர மொழிபெயர்ப்பைப் பார்த்தபின் அவற்றின் அருமை புரிகிறது. ஆனால் பி0171 என்ற பிழைக் குறியீட்டை ‘கலவை மெலிந்துள்ளது’ என்று மட்டும் எழுதுவது போதாது. நேர் ஈடு தன் வரம்பைத் தொட்டதால் அந்தக் குறியீடு எழுகிறது. அந்த நேரத்தில் கலவை சரியான அளவிலேயே இருக்கவும் கூடும். ‘முதல் வரிசை: மெலிவு, நேர் ஈடு வரம்பில்’ என்று எழுதலாம்.

அங்கே ‘வரிசை’ என்றது பேங்க், அதாவது வி வடிவ எஞ்சினில் ஒரு பக்கத்துச் சிலிண்டர்கள், என்பதற்காக. ஒன்றாம் சிலிண்டர் உள்ள பக்கமே முதல் வரிசை என்ற குறிப்பும் பட்டியலில் வேண்டும். வலம், இடம் என்று எழுதினால் குறுக்காகப் பொருத்திய எஞ்சினில் தவறாகிவிடும். ‘சிலிண்டர் வரிசை’யைவிடச் சுருக்கமான சொல் இருந்தால் தெரிவியுங்கள், ஈடு குறித்த மறுப்புகளையும் மாதிரி வாக்கியத்தோடு எழுதக் கேட்டுக்கொள்கிறேன்.