பிஜிபி என்றால் எந்த பிஜிபி? வளாகப் பெயர்கள், நம் அனுபவங்கள்

கிளமெண்டி அம்மா:

போன ஆகஸ்டில் என் மகளுக்குச் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் விடுதி இடம் கிடைத்தது. "பாட்டி, எனக்கு பிஜிபியில ரூம் கிடைச்சிருக்கு" என்று அவள் சொன்னதும், கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா கையை உதறிவிட்டு நிமிர்ந்தார். "கல்யாண மண்டபத்துலயா தங்க வைக்கிறாங்க? பொம்பளப் பிள்ளைங்க குளிக்க, துவைக்க எங்க போகும்?"

அம்மாவுக்கு பிஜிபி என்றால் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயில் மண்டபம்தான். அந்தப் பெயருக்குரிய பி. கோவிந்தசாமிப் பிள்ளை 1905ல் இங்கே வந்து, கடையில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகக் கடைகள் வைத்து, சம்பாதித்ததைக் கோயிலுக்கும் ஊருக்கும் கொடுத்தவர். அம்மாவின் கூறைப்புடவைகூட அவர் கடையில் எடுத்ததுதான். மகளுக்கோ பிஜிபி என்பது பிரின்ஸ் ஜார்ஜஸ் பார்க், கென்ட் ரிட்ஜ் குன்றின் சரிவில் இருக்கும் விடுதி. அந்தக் குன்றின் பெயரும் அரச குடும்பத்திலிருந்து வந்ததுதான். 1952ல் கென்ட் கோமகளும் அவர் மகனும் சிங்கப்பூருக்கு வந்து போனதன் நினைவாக வைத்தது. எழுபது ஆண்டுகள் ஆகியும் அந்தப் பெயர் எம்ஆர்டி நிலையத்தில் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

அன்றைக்கே எனக்கு இந்தக் கேள்வி வந்துவிட்டது. ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு இன்னார் பெயர்தான் என்று யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? நம்மவர் பெயர் எங்கேனும் இருக்கிறதா? படித்தவர்கள், வேலை பார்த்தவர்கள், சும்மா நடந்து போனவர்கள் யாராக இருந்தாலும் உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்.

நன்கொடைப் பிரிவில் இருந்தவள்:

இங்குள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் நன்கொடைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்தேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. நடைமுறையை மட்டும் சொல்கிறேன்.

கட்டடம் எழும்பும்போது அதற்குப் பெயர் கிடையாது. ஓர் எண்ணோ, 'கற்றல் மையம்' மாதிரிப் பொதுப்பெயரோ இருக்கும். அதற்குள்ளேயே ஒரு பட்டியல் தயாராகிவிடும். எந்த அறை, எந்த விரிவுரை மண்டபம், எந்தத் தளம், முழுக் கட்டடம், அதற்கும் மேலே முழுப் பள்ளி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை குறிப்பார்கள். அது கட்டடம் கட்டிய செலவு இல்லை. பெரும்பாலும் அந்தப் பணம் செங்கல்லுக்குப் போவதுமில்லை. முதலீடாகப் போட்டுவைத்து, அதில் வரும் வருமானத்தை உதவிநிதிக்கும் பேராசிரியர் பதவிக்கும் செலவழிப்பார்கள். அரசாங்கமும் தன் பங்குக்கு ஈடு நிதி சேர்க்கும்.

கொடுக்க ஒருவர் முன்வந்ததும் அவருடைய பணம் எங்கிருந்து வந்தது என்று விசாரிப்போம். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். பிறகு பெயரிடும் குழு, தலைவர், கடைசியாக அறங்காவலர் குழு. ஒப்பந்தத்தில்தான் உண்மையான பேச்சுவார்த்தை நடக்கும். பெயர் எத்தனை ஆண்டுகள் இருக்கும், கட்டடத்தை இடித்தால் புதிய கட்டடத்துக்குப் பெயர் மாறுமா, கொடுத்தவர் நாளைக்கு ஒரு குற்ற வழக்கில் சிக்கினால் என்ன செய்வது, எல்லாவற்றையும் எழுதி வைத்துவிடுவோம். பெயர் முகவரியில் இடம்பெற வேண்டுமென்றால் அதற்கு வெளியே இன்னொரு படி இருக்கிறது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின்கீழ் தெருக்களுக்கும் கட்டடங்களுக்கும் பெயர் ஒப்புதல் தரும் வாரியம் ஒன்று உண்டு.

இதெல்லாம் காகிதத்தில் நடப்பது. என் மனத்தில் நிற்பது வேறு.

தமிழ் அம்மா ஒருவர், காலமான தம் கணவர் பெயரில் ஒரு கருத்தரங்கு அறைக்குப் பணம் கொடுத்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். பெயர்ப்பலகையின் மாதிரியை வரைந்து அவர்முன் வைத்தேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பலகையின்மேல் விரலை வைத்து, "இது என் மாமனார் பேரும்மா. பணம் சேத்தது என் வீட்டுக்காரரு" என்றார்.

நடந்தது இதுதான். எங்கள் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு. அடையாள அட்டையில் 'எஸ் ஓ' (இன்னாரின் மகன்) என்பதற்குப் பின்னால் என்ன இருந்ததோ அதை அந்தக் கட்டத்தில் தட்டிவிட்டார்கள். சீனர் பெயரிலும் ஆங்கிலப் பெயரிலும் சரியாக வேலை செய்த படிவம், நம் பெயரில் மகனைத் தள்ளிவிட்டு அப்பாவை உட்கார வைத்துவிட்டது. பெயரை ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதியிருந்ததால் மறுபடி குழுவுக்குப் போய், மறுபடி கையெழுத்து வாங்கி, சரிசெய்ய நான்கு மாதம் ஆனது. நான்கு மாதமும் அந்த அம்மா ஒரு தடவைகூடக் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அதற்குப் பிறகு தமிழ்ப் பெயர் வந்தால் நானே போன் செய்து, "எந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டுவிடுவேன்.

புளியமரத்துப் பிள்ளை:

நான் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. எங்கள் விடுதிகள் பலவற்றுக்கு மரப்பெயர்தான். ஆலமரம், பிஞ்சாய் மாமரம், புளியமரம், அசோகமரம் எல்லாம் உண்டு. எனக்குக் கிடைத்தது டாமரிண்ட் ஹால். ஊரிலிருந்து வந்திருந்த அப்பத்தா பெயரைத் தமிழில் கேட்டதும், "புளியமரத்தடியில ராத்திரி யாராச்சும் படுப்பாங்களா" என்று திருநீறு பூசி அனுப்பினார். மரப்பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. நான்கு மொழி வீட்டுப் பிள்ளைகளும் அதை அவரவர் மொழியில் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்று. 2015ல் திறந்த 'த ஹைவ்' கட்டடத்துக்குத் தேன்கூடு என்று பெயர். யாரும் அப்படிச் சொல்வதில்லை. டிம் சம் கூடை, அதாவது சீனச் சிற்றுண்டி அவிக்கும் கூடை என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். பார்த்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

ஊட்ரம் தாதி:

பணி ஓய்வு பெற்றுவிட்டேன். ஊட்ரம் மருத்துவமனையில் முப்பது ஆண்டுகள், தினமும் 'தான் டெக் குவான்' கட்டடத்தைத் தாண்டித்தான் பேருந்து நிறுத்தத்துக்குப் போவேன். ஒருநாள் நின்று விவரப்பலகையைப் படித்தேன், அதிலிருந்து இந்தப் பெயர்க்கதைகளில் எனக்கு ஈடுபாடு வந்துவிட்டது.

தான் ஜியாக் கிம் என்ற வணிகர் தலைமையில் 1904ல் சிலர், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஒரு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று ஆளுநரிடம் மனு கொடுத்தார்கள். 71,000 வெள்ளி (டாலர்) திரட்டினால் பார்க்கலாம் என்றது அரசாங்கம். இவர்கள் 87,077 வெள்ளி திரட்டினார்கள். அதில் 12,000 அவருடைய சொந்தப் பணம். 1905ல் 23 மாணவர்களோடு பள்ளி திறந்தது, பெண்கள் மனநல விடுதியாக இருந்த பழைய கட்டடத்தில். ரப்பரைத் தோட்டப்பயிராக வளர்த்துப் பணம் பார்த்த தான் சாய் யான் என்பவர், 1911ல் தம் அப்பா தான் டெக் குவான் பெயரில் நான் சொன்ன கட்டடத்தைக் கட்டிக் கொடுத்தார். அப்புறம் ஏழாம் எட்வர்ட் மன்னர் நினைவு நிதியிலிருந்து 120,000 வெள்ளி வந்தது. 1913ல் பள்ளிக்கே மன்னர் பெயர் வைத்தாயிற்று. மனு கொடுத்து, பணம் சேர்த்தவர் பெயர் பள்ளியில் ஏறவில்லை. ஆற்றங்கரைப் பக்கம் ஜியாக் கிம் தெருவாக இருக்கிறது.

2005ல், பள்ளிக்குச் சரியாக நூறு வயது ஆனபோது, யோங் லூ லின் என்ற மருத்துவர் பெயரிலான அறக்கட்டளை 100 மில்லியன் வெள்ளி கொடுத்தது. மருத்துவப் பள்ளி அவர் பெயரை எடுத்துக்கொண்டது. இங்கே படிக்காத ஒருவர் பெயரை நூறாண்டுப் பள்ளிக்கு வைப்பதா என்று பழைய மாணவர்களிடையே அப்போது பெரிய விவாதம் நடந்தது. அந்தப் பணத்தில் எத்தனை ஆராய்ச்சி நடக்கும், எத்தனை பிள்ளைகள் படிப்பார்கள் என்று மறுபக்கமும் பேசினார்கள். எனக்கு இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் பட்டது. ஆனால் நூறாண்டுக்கு முந்திய அந்த மனுவைத் தெரிந்துகொண்ட பிறகு, பணத்துக்குப் பெயர் என்பது இந்தக் காலத்துப் பழக்கம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்வதில்லை.

உட்லண்ட்ஸ் அண்ணன்:

ஒரு லீ கோங் சியான் கதை. என் தம்பி மகன் "லீ கோங் சியான்ல இடம் கிடைச்சிருச்சு" என்று செய்தி அனுப்பினான். டாக்டருக்குப் படிக்கப்போகிறான் என்று குடும்பம் முழுக்கச் சொல்லிவிட்டேன். கடைசியில் பார்த்தால் அது சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் வணிகப் பள்ளி. செல்வந்தர் லீ கோங் சியான் தொடங்கிய லீ அறநிறுவனம் 2004ல் அங்கே 50 மில்லியன் வெள்ளி கொடுத்தது, 2011ல் நன்யாங் மருத்துவப் பள்ளிக்கு 150 மில்லியன். தேசியப் பல்கலைக்கழகத்து இயற்கை வரலாற்று அரும்பொருளகம், தேசிய நூலகத்தின் ஆய்வு நூலகம், அங்கெல்லாமும் அதே பெயர். தம்பி மகன் இப்போது வணிகப் படிப்பு முடித்து நல்ல வேலையில் இருக்கிறான்.

ஜூரோங் வெஸ்ட் பெரியவர்:

என் வீட்டுக்குப் பக்கத்தில் பழைய நன்யாங் பல்கலைக்கழகத்தின் நுழைவாயில் வளைவு தனியாக நிற்கிறது. வளாகம் சுருங்கிவிட்டதால் வளைவு வீவக அடுக்குமாடிகளுக்கு நடுவே வந்துவிட்டது. 1950களில் அந்தப் பல்கலைக்கழகத்துக்குத் தொழிலதிபர் தான் லார்க் சை போன்ற பெருஞ்செல்வர்களும் கொடுத்தார்கள், முச்சக்கர வண்டி ஓட்டியவர்கள் ஒருநாள் வருமானத்தையும் கொடுத்தார்கள். தான் லார்க் சை பெயரில் இன்று வளாகத்துக்குள் ஒரு சாலை இருக்கிறது.

அதே காலத்தில் நாமும் கொடுத்தோம். இதை இளையவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை வரும்போது அங்கே முதலிடம் சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற கேள்வி எழுந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதி தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பவர். அவரும் ஒரு வெள்ளி கொடுத்தார். அம்மா பலமுறை சொல்லியிருக்கிறார்: அந்த வாரம் வீட்டில் மீன் இல்லை, அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் முரசை வாங்கி வந்து, பெயர்ப் பட்டியலில் தம் பெயர் எங்கே என்று பக்கத்து அறைக்காரரைப் படித்துக் காட்டச் சொன்னாராம்.

ஆய்வியல் துறை பிறகு கோலாலம்பூருக்குப் போய்விட்டது. அந்த ஒரு வெள்ளிக்காரர்களுக்கு எந்தச் சுவரிலும் பலகை கிடையாது. நான் பணம் படைத்தவர்கள் பெயர் வைப்பதைக் குறை சொல்லவில்லை. ஒரு மண்டபத்துக்குத் தமிழ்ப் பெயர் வைக்க என்றைக்காவது யாராவது யோசித்தால், ஒருவர் பெயரைத் தேட வேண்டாம், 'ஒரு வெள்ளி மண்டபம்' என்று வையுங்கள் என்பேன். இதை உண்மையாகவே சொல்கிறேன்.

நன்கொடைப் பிரிவில் இருந்தவள்:

ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன்.

பணம் கொடுத்தவர் பெயர்தான் வைக்க வேண்டும் என்று எங்கும் விதி இல்லை. தேசியப் பல்கலைக்கழகத்து இசைப்பள்ளிக்கு யோங் லூ லின்னின் மகள் யோங் சியூ தோ பெயர். கொடுத்தது குடும்பம். பொதுச் சுகாதாரப் பள்ளிக்கு அங்கேயே பேராசிரியராக இருந்த சா சுவீ ஹோக் பெயர், 2011ல் 30 மில்லியன் வெள்ளி கொடுத்தார். பணமே கொடுக்காமல் மரியாதைக்காக வைத்ததும் உண்டு. நம்மவர் பெயர் இருக்கிறதா என்று தொடக்கத்தில் கேட்டிருந்தீர்களே, நன்யாங்கில் எஸ். ராஜரத்தினம் அனைத்துலக ஆய்வுப் பள்ளி இருக்கிறது. அவர் 1915ல் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர், நம் தேசியப் பற்றுறுதியை எழுதியவர். 2006ல் அவர் காலமானார், அடுத்த ஆண்டே பள்ளி அவர் பெயரோடு தொடங்கியது.

பெரிய தொகை இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. பெற்றோர் பெயரில் ஓர் உதவிநிதி தொடங்கலாம், பல பேர் சேர்ந்தும் கொடுக்கலாம். சுவரில் பெயர் வராது. ஆனால் பணம் பெறும் மாணவருக்குப் போகும் கடிதத்தில் அந்தப் பெயர் இருக்கும். பல பிள்ளைகள் நன்றிக் கடிதம் எழுதுவார்கள். பெயரை எழுத்துக்கூட்டி, கவனமாக எழுதுவார்கள்.

கிளமெண்டி அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நேற்றிரவு இதையெல்லாம் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஜூரோங் வெஸ்ட் ஐயா எழுதியது வந்தபோது அம்மா என்னை நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னார். எங்கள் அப்பாவும் அந்த நிதிக்குக் கொடுத்திருப்பார் என்கிறார். ரசீது எதுவும் இல்லை.

நாங்கள் உடன்பிறந்தவர்கள் நான்கு பேர். அப்பா பெயரில் ஓர் உதவிநிதிக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடலாம் என்று குடும்பக் குழுவில் கேட்டேன். அண்ணன் உடனே சரி என்றான், மற்ற இருவரும் காலையில் பதில் போட்டார்கள். படிவத்தை இன்னும் வாங்கவில்லை. ஆனால் அம்மா இப்போதே நாட்காட்டித் தாளைக் கிழித்து, பின்பக்கத்தில் அப்பாவின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, தாத்தாவின் பெயரை ஒரே எழுத்தாக முன்னால் போட்டு, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். "அந்தக் கட்டத்துல இப்படியே எழுதச் சொல்லு" என்றார். தாள் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டியிருக்கிறது.