கூட்டுக் கொம்பியூட்டரில் ஷோர்ட்கட்: வைக்கிற இடமும் காட்டுகிற இடமும்

கல்லடி, பாடசாலை ஐசிடி லேப்

ஒரு மெஷினில் ஐந்து எக்கவுண்ட் இருந்தால், மென்பொருளைத் திறக்கிற ஐகனான ஷோர்ட்கட்டை ஐந்திலும் ஒவ்வொன்றாய் லொகின் செய்து ஒட்டத் தேவையில்லை. விண்டோஸில் நாம் பார்க்கிற டெஸ்க்டொப் இரண்டு ஃபோல்டர்களை ஒன்றாய்க் காட்டுகிறது. ஒன்று அந்தந்த எக்கவுண்டுக்குச் சொந்தமானது. மற்றது சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டெஸ்க்டொப். இந்த இரண்டாவதில் கிடப்பது எல்லாருடைய திரையிலும் வரும்.

ஆனால் அது மறைக்கப்பட்ட ஃபோல்டர். பப்ளிக்கைத் திறந்து பார்த்துவிட்டு, இங்கே டெஸ்க்டொப்பே இல்லையே என்று திரும்பி வருகிறவர்கள் நிறையப் பேர். விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். ரன் பெட்டி வரும். அதில் ஷெல், முக்காற்புள்ளி, காமன், ஒரு இடைவெளி, டெஸ்க்டொப் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் கொடுங்கள். முக்காற்புள்ளிக்கு முன்னும் பின்னும் இடைவெளி கூடாது. ஃபோல்டர் நேரே திறக்கும்.

உள்ளே எதைப் போடுவதற்கும் அட்மின், அதாவது மெஷினை நிர்வகிக்கிற எக்கவுண்டின் அனுமதி வேண்டும். இது தொல்லையில்லை, நமக்குப் பாதுகாப்பு. ஸ்டாண்டர்ட் எக்கவுண்டில் இருக்கிற பிள்ளை அந்த ஐகனை அழிக்கப் போனால் அட்மின் பாஸ்வேர்டைக் கேட்டு மறித்துவிடும். பிள்ளைக்கே அட்மின் எக்கவுண்டைக் கொடுத்திருந்தால் ஒருவர் அழித்தது ஐந்து திரையிலும் போய்விடும். ஆகவே செட்டிங்ஸில் எக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், பிள்ளைகளின் எக்கவுண்ட் வகையை முதலில் ஸ்டாண்டர்ட் ஆக்குங்கள். மறுகா ஷோர்ட்கட்டைப் பற்றி யோசிக்கலாம்.

சாய்ந்தமருது, நூலகக் கணினிப் பிரிவு

சேர் சொன்ன ஃபோல்டருக்குள் ஷோர்ட்கட்டை இழுத்துப் போடாதீர்கள். கொப்பி செய்து பேஸ்ட் பண்ணுங்கள். ஒரே டிரைவுக்குள் ஒரு ஃபைலை மூவ் செய்தால் அது பழைய இடத்து அனுமதிகளையே தூக்கிக்கொண்டு போகும். கொப்பி செய்தால் போய்ச் சேர்கிற ஃபோல்டரின் அனுமதியை எடுத்துக்கொள்ளும். அட்மினின் சொந்த டெஸ்க்டொப்பிலிருந்து இழுத்துப் போட்ட ஐகன் அட்மினுக்கு ஒழுங்காகத் திறக்கும். மற்றவர்களுக்கு வெள்ளைத் தாள் மாதிரி நிற்கும், இல்லாவிட்டால் அனுமதி இல்லை என்று வரும். அட்மினில் இருந்தே சோதிக்கிறவருக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. ஸ்டாண்டர்ட் எக்கவுண்ட் ஒன்றில் லொகின் செய்து, ஒவ்வொரு ஐகனையும் திறந்து பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது என்று எழும்ப வேண்டும்.

ஏறாவூர், கொமினிகேஷன் கடை

கொப்பிதான் செய்தேன் நானா. ஐகன் எல்லாருக்கும் தெரிகிறது. ஆனால் நிரல் எழுதுகிற பைதன் மென்பொருள் மட்டும் அட்மினைத் தவிர வேறு ஒருவருக்கும் திறக்குதில்லை.

சாய்ந்தமருது, நூலகக் கணினிப் பிரிவு

தம்பி, ஷோர்ட்கட் என்பது ஒரு விலாசத் துண்டு மட்டும்தான். அந்த ஐகனை ரைட் கிளிக் செய்து, புரொப்பர்ட்டீஸ் திறந்து, டார்கெட் வரியைப் படியுங்கள். அதில் யூசர்ஸ், அட்மினின் பெயர், ஆப்டேட்டா என்று வந்தால் மென்பொருளே அட்மினின் வீட்டுக்குள் கிடக்கிறது. மற்றவர்களுக்கு அந்த வீட்டுக்குள் நுழைய அனுமதி இல்லை. புரோகிராம் ஃபைல்ஸ் என்று இருந்தால்தான் பொது இடம்.

பைதனின் வழக்கமான இன்ஸ்டோலரில் முதலில் தெரிகிற இன்ஸ்டோல் நவ் பட்டனை அழுத்தினால் ஆப்டேட்டாவுக்குள்தான் போகும். அதைக் கழற்றிவிட்டு மறுபடி நிறுவுங்கள். இந்த முறை கஸ்டமைஸ் இன்ஸ்டோலேஷன் எடுத்து, நெக்ஸ்ட் அழுத்தி, அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் பக்கத்தில் எல்லா யூசர்களுக்கும் நிறுவு என்ற பெட்டியில் சரி போடுங்கள். விஷுவல் ஸ்டூடியோ கோட் என்றால் யூசர் இன்ஸ்டோலரை விட்டுவிட்டு சிஸ்டம் இன்ஸ்டோலரை டவுன்லோட் செய்ய வேண்டும். நிறுவும்போது அட்மின் பாஸ்வேர்டோ, யெஸ் கொடுக்கச் சொல்கிற அனுமதிப் பெட்டியோ வராவிட்டால் சந்தேகப்படுங்கள், பெரும்பாலும் அது ஒருவருக்கு மட்டும்தான் நிறுவப்படுகிறது.

டார்கெட்டுக்குக் கீழே ஸ்டார்ட் இன் என்று ஒரு வரி இருக்கும். அதிலும் அட்மினின் ஃபோல்டர் பெயர் நின்றால் அழித்து வெறுமையாக விடுங்கள்.

அக்கரைப்பற்று, அலுவலக ஐடி

நெட்வேர்க்கில் இருக்கிற படிவங்களுக்கு ஷோர்ட்கட் வைக்கும்போதும் இதே கதைதான். நெட்வேர்க் ஃபோல்டரை இசட் டிரைவ் என்று மேப் செய்தது, அதாவது அந்தப் பெயரில் இணைத்தது, அந்த ஒரு எக்கவுண்டுக்கு மட்டும். டார்கெட்டில் இசட் என்று இருந்தால் மற்றவருக்கு விலாசம் தெரியாது. இரண்டு பின்சாய்கோடு, சர்வரின் பெயர், ஒரு பின்சாய்கோடு, ஷெயர் செய்த ஃபோல்டரின் பெயர் என்று முழு விலாசத்தையும் கொடுங்கள்.

இணையதளங்களில் இன்னொரு பொறி. பரீட்சைத் திணைக்களத் தளம், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ பாடத் தளம் போன்றவற்றுக்கு குரோம் மெனுவில் உள்ள கிரியேட் ஷோர்ட்கட் வழியாக ஐகன் செய்தால், அது அந்த எக்கவுண்டின் குரோம் புரொஃபைலோடு கட்டுப்பட்டது. பப்ளிக் டெஸ்க்டொப்புக்குக் கொண்டுபோனால் மற்றவர்களிடம் சரியாக வேலை செய்யாது. உங்கள் சொந்த டெஸ்க்டொப்பில் ரைட் கிளிக், நியூ, ஷோர்ட்கட் என்று போய்த் தளத்தின் விலாசத்தை ஒட்டி, பெயர் வையுங்கள். அதைக் கொப்பி செய்து பப்ளிக் டெஸ்க்டொப்பில் போட்டால் அவரவர் பிரவுசரில் திறக்கும்.

களுவாஞ்சிக்குடி, தட்டச்சு நிலையம்

ஷோர்ட்கட் இல்லை, ஆனாலும் கூட்டு மெஷினில் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பாமினி என்ற தமிழ் ஃபொண்டில் அடித்த கடிதம் ஒரு எக்கவுண்டில் தமிழாக இருக்கும். மற்றதில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல், புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. ஃபைல் பழுதாகவில்லை. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, ஃபொண்டை வெறுமனே இன்ஸ்டோல் கொடுத்தால் அந்த எக்கவுண்டுக்கு மட்டும்தான் போகும். ஃபொண்ட் ஃபைலை ரைட் கிளிக் செய்து, எல்லா யூசர்களுக்கும் இன்ஸ்டோல் செய் என்பதைத் தெரிவு செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் அது முதல் மெனுவில் தெரியாவிட்டால் ஷோ மோர் ஒப்ஷன்ஸ் அழுத்திப் பாருங்கள்.

கல்லடி, பாடசாலை ஐசிடி லேப்

விடுபட்டவை இரண்டு. ஒன்றுக்கு, மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவ் காரணம். அது டெஸ்க்டொப் பேக்கப்பை எடுத்துக்கொண்டால், அந்த எக்கவுண்டின் சொந்த டெஸ்க்டொப் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம் மாறிவிடும். பழைய இடத்தில் நீங்கள் போட்ட ஷோர்ட்கட் திரைக்கு வராது. பப்ளிக் டெஸ்க்டொப்பை அது தொடுவதில்லை.

மற்றது ஐகன்களின் வரிசை. எது எங்கே நிற்க வேண்டும் என்பதை விண்டோஸ் ஒவ்வொரு எக்கவுண்டுக்கும் தனித்தனியாக வைத்திருக்கிறது, அதைப் பப்ளிக் ஃபோல்டரால் மாற்ற முடியாது. பெயருக்கு முன்னால் 01, 02, 03 என்று இலக்கம் போட்டுவிடுங்கள். மறுகா ஒவ்வொரு எக்கவுண்டிலும் ஒரு தடவை சோர்ட் பை நேம், ஓட்டோ அரேஞ்ச் இரண்டையும் கொடுங்கள். "01 ஐகனைத் திறங்க" என்று டீச்சர் சொன்னால் 20 பிள்ளைகளும் ஒரே இடத்தில் கிளிக் செய்வார்கள்.