லோகார்னோ ஏரிக்கரையில் நடந்தவர்கள் உதவுங்கள்

அம்மாவுக்கு 68 வயது, வலது முழங்காலில் தேய்மானம். சமதரையில் ஒரு மணி நேரம் நடப்பார். படிகள் என்றால் பத்தாவதிலேயே நின்றுவிடுவார். ஏப்ரல் இரண்டாம் வாரம் சுவிட்சர்லாந்து வந்தோம்.

மோந்த்ரேயிலிருந்து சில்லோன் கோட்டை வரை ஏரியோரமாக நடந்தது அருமை: சமமான பாதை, வழியெங்கும் பூப்பாத்திகள், எதிர்க்கரையில் பனி மூடிய மலைகள். மோர்ஜ் பூங்காவில் துலிப் மலர்களைக் கண்டதும் முழங்காலையே மறந்துவிட்டார். அந்தத் துணிச்சலில் நேற்று லுகானோவிலிருந்து காந்த்ரியாவுக்கு ஆலிவ் மரப் பாதையில் கிளம்பியது என் தவறு. ஏற்றம், இறக்கம், கல் படிகள். பாதியில் திரும்பினோம், இரவெல்லாம் ஐஸ் ஒத்தடம்.

படகில் சுற்றலாம் என்றேன். "உட்கார்ந்து பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன்?" என்கிறார். பஸ்ஸுக்கும் அதே பதில். விடுதியில் தந்த வரைபடத்தில் தூரம் இருக்கிறது, படிகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

நாளை மறுநாள் லோகார்னோ. காலையில் கமேலியா பூங்கா. பிறகு கரையோரமாக மினூசியோ வழியே தெனேரோ வரை நடந்து, ரயிலில் திரும்புவதாகத் திட்டம். கைத்தடி இருக்கிறது, சக்கர நாற்காலி இல்லை.

இந்தப் பாதையில் எங்காவது படிக்கட்டோ செங்குத்தான ஏற்றமோ குறுக்கிடுகிறதா?